எலிக்காய்ச்சல் மாத்திரையும் புற்றுச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவும்

டாக்சிசைக்ளின் என்ற பெயர் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலருக்கும் தெரியும். மழை வலுத்து வரப்போரம் தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் பற்றிய பேச்சு எழும், பின்னாலேயே இந்த மாத்திரையும் வரும். தோவாளை, பூதப்பாண்டி வயல்களில் இறங்குகிறவர்களுக்கும் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் இது புதிதல்ல. லேசான எலிக்காய்ச்சலுக்கு 100 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும் ஏழு நாள். தொற்று வாய்ப்பு அதிகமுள்ள நேரத்தில் தடுப்பாக வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம். விலையும் குறைவு.

இதே மாத்திரை புற்றுநோயின் வேரை அறுத்துவிடும் என்ற செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆசாரிப்பள்ளம், நெய்யூர் மருத்துவமனைகளிலோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ சிகிச்சையில் இருப்பவர்களின் வீட்டார் இதை நம்புவதில் வியப்பில்லை. அந்தச் செய்தியின் அடியில் நல்ல அறிவியல் இருக்கிறது. செல்லுக்குள் ஆற்றல் செய்யும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைச் சில ஆன்டிபயாட்டிக்குகள் தாக்குவது உறுதியான உண்மை. சில புற்றுச் செல்கள் மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே பிழைப்பதும் உண்மை. ஆய்வகத் தட்டில் இருக்கும் மருந்தின் அளவு மனித ரத்தத்தில் கிடைக்கிறதா, கிடைத்தாலும் புற்றுச் செல் வேறு வழியில் தப்பிக்கிறதா என்ற இரண்டு கேள்விகளில்தான் இந்த யோசனை இன்றுவரை நிற்கிறது. அவற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நோயாளிக்குத் தீங்கு.

முதலில் மருந்து எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்ப்போம்.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. 1967இல் லின் மார்குலிஸ் இந்தக் கருத்தை விரிவாக முன்வைத்தபோது எதிர்ப்பு இருந்தது. மரபணு வரிசைகள் கைக்கு வந்த பிறகு கேள்வி தீர்ந்தது. ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா என்ற கூட்டத்தின் வழித்தோன்றல் அது. அந்தப் பழைய உறவின் அடையாளமாக அதற்குத் தனி டிஎன்ஏவும், புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமும் தனியாக இருக்கின்றன. மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் நீளம் 16,569 எழுத்துகள், மரபணுக்கள் 37. அவற்றில் 13 மட்டுமே புரதத்துக்கானவை. மீதி 22 டிஆர்என்ஏவுக்கும் 2 ரைபோசோம் ஆர்என்ஏவுக்கும்.

செல்லின் பொதுப்பகுதியில் புரதம் செய்யும் ரைபோசோம் 80எஸ் வகை (எஸ் என்பது அளவைக் காட்டும் குறி). பாக்டீரியாவில் இருப்பது 70எஸ். 30எஸ், 50எஸ் என்று அதற்கு இரண்டு துண்டு. மைட்டோகாண்ட்ரியாவில் 55எஸ், துண்டுகள் 28எஸ்ஸும் 39எஸ்ஸும். அளவில் வேறுபட்டாலும் மருந்து ஒட்டும் இடத்தின் அமைப்பு பாக்டீரியாவுடையதை ஒத்திருக்கிறது. டாக்சிசைக்ளினும், அதன் உறவான, ரத்தக் குழாயில் ஏற்றும் டைகிசைக்ளினும் சிறிய துண்டில் ஒட்டும். குளோராம்ஃபெனிக்கால், லினிசோலிட் இரண்டும் பெரிய துண்டில். பாக்டீரியாவின் புரத உற்பத்தியை நிறுத்தச் செய்த மருந்து நம் மைட்டோகாண்ட்ரியாவின் உற்பத்தியையும் ஓரளவு தடுக்கிறது என்பது இதனால்தான்.

யானைக்கால் நோய்ப் புழுவுக்கும் டாக்சிசைக்ளின் கொடுப்பது ஏன் என்று கேட்டால் விடை இதே பக்கத்தில் இருக்கிறது. அந்தப் புழுவின் உடலுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது, அதுவும் ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியாதான். நாளுக்கு 200 மில்லிகிராம் வீதம் 4 முதல் 6 வாரம் கொடுத்தால் வோல்பாக்கியா அழிகிறது, பெண் புழு மலடாகிறது. ஓர் உயிருக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவை அடித்து அந்த உயிரை முடக்கலாம் என்பதற்கு மருத்துவத்தில் நிலைத்துவிட்ட சான்று இது. மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைக்கும் யோசனைக்கு இவ்வளவு பொருத்தமான முன்மாதிரி வேறெதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

மனிதரிடமும் இந்தத் தாக்கம் தெரிந்திருக்கிறது, பக்கவிளைவாக. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு லினிசோலிட் மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்குக் கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது, ரத்த அணுக்கள் குறைவது, ரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலம் உயர்வது எல்லாம் வருவதற்கு மைட்டோகாண்ட்ரியா தடைபடுவதே முக்கியக் காரணம். குளோராம்ஃபெனிக்கால் எலும்பு மஜ்ஜையை அமுக்குவதும், மருந்தை நிறுத்தியதும் மஜ்ஜை மீள்வதும் இதே வழி. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகளால் சில குடும்பங்களில் மட்டும் காது கேட்காமல் போவதற்கு மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம் ஆர்என்ஏவில் 1555ஆம் இடத்தில் ஏ என்ற எழுத்து ஜியாக மாறியிருப்பது ஒரு காரணம். தாய்வழியாக மட்டும் வரும் மாற்றம் அது. ஆகவே மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் மருந்து புற்றுச் செல்லை மட்டும் தேடிப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. நரம்பு, விழி நரம்பு, மஜ்ஜை, இதயம் என எல்லாவற்றிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது.

அந்த 13 புரதங்கள் என்ன செய்கின்றன? மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் எடுக்கும் புரத வரிசையான மூச்சுச் சங்கிலியில் முதல் கூட்டமைப்புக்கு 7, மூன்றாவதுக்கு 1, நான்காவதுக்கு 3, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செய்யும் ஐந்தாவதுக்கு 2. இரண்டாவதுக்கு ஒன்றுகூட இல்லை. அதன் எல்லாப் புரதங்களும் செல்லின் உட்கருவிலிருந்து வருகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆய்வக வேலையில் இதுதான் கைகொடுக்கும்.

புற்றுச் செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா வேண்டவே வேண்டாம் என்று பலகாலம் பாடப்புத்தகம் சொன்னது. ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டது: ஆக்சிஜன் இருக்கும்போதே கட்டிச் செல் குளுக்கோஸை லாக்டேட்டாக நொதிக்க வைக்கிறது. பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் அது குளுக்கோஸை அவ்வளவு இழுப்பதால்தான். மைட்டோகாண்ட்ரியா பழுதானதே இதற்குக் காரணம் என்று வார்பர்க் கருதினார். பெரும்பாலான கட்டிகளில் அப்படியில்லை என்று பிற்காலத்தில் தெளிவானது. மூச்சுச் சங்கிலி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. செல் இரண்டையும் பயன்படுத்துகிறது.

ஏன் இரண்டும் வேண்டும் என்பதற்கு ஏடிபி மட்டும் விடையல்ல. 2015இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டியது இது: பெருகும் செல்லுக்கு மூச்சுச் சங்கிலி தரும் மிக முக்கியமான பொருள் அஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலம். சங்கிலி நின்றால் எலக்ட்ரானைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் அஸ்பார்ட்டேட் செய்ய முடியாமல் போகிறது. அது இல்லாமல் புரதமும் டிஎன்ஏ எழுத்துகளும் குறைகின்றன. ஆர்என்ஏவுக்கு வேண்டிய யுரிடின் செய்யும் வழியும் மூச்சுச் சங்கிலியோடு கட்டப்பட்டதுதான். ஆக மைட்டோகாண்ட்ரியாவை நிறுத்தினால் செல் பட்டினியால் சாவதைவிட, பெருகுவதற்கான சரக்கில்லாமல் நின்றுபோவதே பெரும்பாலும் நடக்கிறது. சாவுக்கும் நின்றுபோவதற்கும் சிகிச்சையில் உள்ள வேறுபாடு பெரியது. மருந்தை எடுத்ததும் நின்ற செல் மறுபடி கிளம்பும்.

தண்டுச் செல் போல நடந்துகொள்ளும் ஒரு சிறுபகுதி கட்டிச் செல்கள், கீமோவுக்குப் பின் மிஞ்சி நோயைத் திரும்பக் கொண்டுவருபவை, மற்றவற்றைவிட மைட்டோகாண்ட்ரியாவை அதிகம் நம்பியிருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கடுமையான மைலாய்டு ரத்தப்புற்றில், அதாவது ஏஎம்எல்லில், இந்தச் சான்று மிக வலுவாக இருக்கிறது. யோசனையின் கவர்ச்சி இதில்தான் அடங்கியிருக்கிறது.

இனி நடந்தவை. 2011இல் கனடாவின் டொரொன்டோவில் ஆரன் ஷிம்மரின் குழு, டைகிசைக்ளின் மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியைத் தடுத்து ஏஎம்எல் செல்களைக் கொல்வதாகவும் எலிகளில் நோயைக் குறைப்பதாகவும் காட்டியது. 2015இல் மான்செஸ்டரில் ஆய்வாளர்கள் லிசாந்தியும் சொட்ஜியாவும் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் உட்படச் சில மருந்துகள் எட்டு வகைப் புற்றிலிருந்து எடுத்த செல் வரிசைகளில் தண்டுச் செல் கோளங்கள் உருவாவதைத் தடுப்பதாக எழுதினார்கள். வாட்ஸ்அப் செய்திக்கு மூலம் பெரும்பாலும் இந்தக் கட்டுரைதான். அது முழுக்கச் செல் வளர்ப்புத் தட்டில் நடந்த வேலை. நோயாளி யாரும் இல்லை.

டைகிசைக்ளின் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. மீண்டும் வந்த அல்லது அடங்காத ஏஎம்எல் உள்ள 27 பேருக்கு நாளுக்கு 50 முதல் 350 மில்லிகிராம் வரை. 2016இல் முடிவு வெளியானது. தாங்கக்கூடிய உச்ச அளவு 300 மில்லிகிராம். ஒருவருக்கும் நோய் அடங்கவில்லை. காரணத்தில் ஒன்று அளந்தே தெரிந்தது: மருந்து உடலில் பாதியாகக் குறைய ஆன நேரம் 9.5 மணி. புற்றில்லாதவர்களிடம் முன்பு கண்டதைவிட இது மிகக் குறைவு. நாளுக்கு ஒருமுறை ஏற்றினால் பெரும்பகுதி நேரம் செல்லுக்கு மருந்தே போதவில்லை. யோசனை தோற்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த அளவுமுறையில் யோசனை சரியாகச் சோதிக்கப்படவே இல்லை என்றே நான் வாசிக்கிறேன்.

டாக்சிசைக்ளினுக்கு 2018இல் இத்தாலியின் பீசாவில் ஒரு முன்னோட்ட ஆய்வு. ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் அறுவைக்கு முன் 14 நாள், நாளுக்கு 200 மில்லிகிராம். மருந்து எடுத்தவர்கள் 9 பேர், எடுக்காதவர்கள் 6 பேர். தண்டுச் செல் அடையாளமான சிடி44 ஒன்பதில் எட்டுப் பேருக்கு 17.65 முதல் 66.67 விழுக்காடு வரை குறைந்தது. செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ67 குறையவில்லை. கட்டி சுருங்கியதா, ஆயுள் கூடியதா என்று பார்க்க அந்த ஆய்வு அமைக்கப்படவும் இல்லை. நம்பிக்கை தருகிற ஒரு சிறு அடையாளம். அதை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வது நியாயம்.

அசித்ரோமைசினில் நடந்ததை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தத் தண்டுச் செல் மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் நுரையீரல் சிக்கலைத் தடுக்கலாம் என்று பிரான்சில் ஒரு பெரிய ஆய்வில் நீண்டகாலம் கொடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. அசித்ரோமைசின் எடுத்தவர்களில் 32.9 விழுக்காட்டினருக்கு ரத்தப்புற்று திரும்பியது, எடுக்காதவர்களில் 20.8. இறப்பும் கூடியதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. தட்டில் புற்றுச் செல்லைக் கொன்ற மருந்து, மனிதரிடம் புற்று திரும்புவதைக் கூட்டியிருக்கிறது. “சாதாரண ஆன்டிபயாட்டிக்தானே, எடுத்தால் என்ன குறைந்துவிடும்” என்று கேட்பவர்களுக்குக் காட்ட வேண்டிய எண்கள் இவை.

இப்போது கணக்கு. பேனாவை எடுத்துச் செய்து பாருங்கள். 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் ஒரு வேளை எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் ரத்தநீரில் உச்சம் சராசரியாக மில்லிலிட்டருக்கு 2.6 மைக்ரோகிராம், 24 மணியில் 1.45. மூலக்கூறு எடை 444. வகுத்தால், ஆய்வகத்தில் செறிவை அளக்கும் மைக்ரோமோலார் என்ற அலகில் உச்சம் ஏறக்குறைய 6, மறுநாள் 3 சொச்சம். அதிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும். கட்டிக்குள் நுழையத் தனித்திருப்பது ஒன்று மைக்ரோமோலார் அளவுதான். பல கட்டுரைகளின் படங்களில் தட்டில் ஊற்றியிருப்பது 50, 100 மைக்ரோமோலார். டைகிசைக்ளினில் இடைவெளி வேறு விதம். வழக்கமான 50 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை என்ற அளவில் ரத்த உச்சம் மில்லிலிட்டருக்கு 0.87 மைக்ரோகிராம், அதாவது 1.5 மைக்ரோமோலார். மருந்து திசுக்களுக்குள் பரவிவிடுவதால் ரத்தத்தில் இவ்வளவே மிஞ்சுகிறது. எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் முதலில் முறைகள் பகுதிக்குப் போய் மருந்தின் செறிவைப் பாருங்கள். 10 மைக்ரோமோலாருக்கு மேல் என்றால் மாத்திரையோடு அதற்குள்ள தொடர்பு குறைவு.

நாகர்கோவில் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்கள் இந்தத் தலைப்பைத் திட்டப்பணிக்கு எடுக்கலாம். மருந்து மலிவு, கேள்வி நல்லது. ஆனால் ஏமாற்றும் இடங்கள் நிறைய.

முதல் வேலை மைக்கோபிளாஸ்மா சோதனை. செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இந்த பாக்டீரியாவை டெட்ராசைக்ளின் வகைகள் கொல்லும். தொற்றுள்ள தட்டில் டாக்சிசைக்ளின் ஊற்றினால் நீங்கள் பார்ப்பது மைக்கோபிளாஸ்மா சாவதன் விளைவு, மைட்டோகாண்ட்ரியாவின் கதையல்ல. பிசிஆரில் சுத்தம் என்று உறுதியாகாமல் ஒரு தட்டும் தொடங்கவேண்டாம். அடுத்து, செல்லை வளர்க்கும் திரவமான ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் பென்சிலின்-ஸ்ட்ரெப்டோமைசினை நிறுத்துங்கள். ஸ்ட்ரெப்டோமைசினும் ரைபோசோமின் சிறிய துண்டைத் தாக்கும் மருந்து. உங்கள் ஒப்பீட்டுத் தட்டே மருந்தேறிய தட்டாக இருக்கும். மாட்டுக்கன்றுச் சீரத்தில் டெட்ராசைக்ளின் எச்சம் இருக்கலாம், கால்நடைக்குக் கொடுப்பார்கள். டெட்ராசைக்ளின் நீக்கியது என்று குறித்து விற்கும் சீரம் வாங்குவது நல்லது.

மருந்துக் கரைசலுக்கு டாக்சிசைக்ளினின் உப்பு வடிவமான டாக்சிசைக்ளின் ஹைக்ளேட் தூள் போதும். மெடிக்கல் ஷாப் காப்ஸ்யூலைப் பிரித்துக் கரைக்காதீர்கள், அதில் வேறு சேர்மானங்கள் உண்டு. ஹைக்ளேட்டின் மூலக்கூறு எடை 512.9, தாய் மருந்தின் 444ஐ வைத்துக் கணக்குப் போட்டால் செறிவு தவறும். சுத்த நீரில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில், அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். இது 19.5 மில்லிமோலார். இதைப் பத்து மடங்கு நீர்த்து மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்கி, 10 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 25.6 மைக்ரோலிட்டர் விட்டால் 5 மைக்ரோமோலார். 0, 1, 2.5, 5, 10 என்று ஐந்து அளவு வையுங்கள். 50 வைக்க விரும்பினால் அது நச்சு எல்லையைக் காட்ட மட்டும். வெளிச்சத்திலும் 37 டிகிரியிலும் மருந்து சிதையும், ஆகவே 48 மணிக்கு ஒருமுறை மருந்தோடு ஊடகம் மாற்ற வேண்டும். டைகிசைக்ளின் ஆக்சிஜன் பட்டால் இன்னும் வேகமாகக் கெடும். அன்றன்று கலக்க வேண்டும்.

ஊடகம் எது என்பதில்தான் பாதி முடிவு ஒளிந்திருக்கிறது. அதிகக் குளுக்கோஸ் டிஎம்இஎம் என்ற வழக்கமான ஊடகத்தில் லிட்டருக்கு 4.5 கிராம், அதாவது 25 மில்லிமோலார் குளுக்கோஸ். மனித ரத்தத்தில் வெறும் வயிற்றில் 5 மில்லிமோலார் அளவு. அத்தனை குளுக்கோஸில் மிதக்கும் செல், மைட்டோகாண்ட்ரியா முடங்கினாலும் நொதித்தே பிழைத்துவிடும். ஒரே செல்லை 5.5 மில்லிமோலார் குளுக்கோஸிலும், குளுக்கோஸ் இல்லாத 10 மில்லிமோலார் கேலக்டோஸிலும் வளர்த்து ஒப்பிடுங்கள். கேலக்டோஸில் செல் மைட்டோகாண்ட்ரியாவை நம்பியாக வேண்டும். அங்கே மட்டும் மருந்து கூடுதலாக வேலை செய்தால் தாக்கம் மைட்டோகாண்ட்ரியா வழி என்று சொல்லத் துணியலாம். இந்த ஒப்பீட்டுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை என்பதால் சிறு கல்லூரி ஆய்வகத்துக்கு ஏற்றது. ஊடகத்தில் பைருவேட் சேர்ந்திருக்கிறதா என்று புட்டியின் லேபிளைப் பாருங்கள். 1 மில்லிமோலார் பைருவேட்டும் சிறிது யுரிடினும் இருந்தால் மூச்சுச் சங்கிலி நின்ற செல்லும் பெருகும், மருந்து வேலையே செய்யவில்லை என்று நினைப்பீர்கள்.

ஒருநாளில் முடிவு எதிர்பார்க்க வேண்டாம். மருந்து புதுப்புரதம் செய்வதைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே பொருத்தப்பட்ட புரதம் செல் பிரியப் பிரியத்தான் நீர்த்துப்போகும். நான்கு முதல் ஆறு நாள் தேவை. அதுவரை தட்டு நிரம்பிவிடாதபடி குறைவாக விதைக்க வேண்டும். மருந்துத் தட்டில் ஊடகம் ஒப்பீட்டுத் தட்டைவிட முன்னதாகவே மஞ்சளானால் லாக்டேட் கூடுகிறது என்று பொருள். கண்ணால் பார்க்கக்கூடிய முதல் அடையாளம் அதுதான். மஞ்சளை அப்படியே விட்டால் அமிலமே செல்லைக் கொன்று மருந்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடும்.

செல் உயிரோடிருப்பதை நிறமாற்றத்தால் காட்டும் எம்டிடி சோதனையை மட்டும் நம்பி எழுதப்பட்ட திட்டப்பணி அறிக்கைகள் ஏராளம். எம்டிடி நிறம் மாறுவதே பெருமளவு மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. மைட்டோகாண்ட்ரியாவைத் தடுக்கும் மருந்தை அதை வைத்து அளந்தால், உயிரோடிருக்கும் செல்லும் செத்ததாகக் கணக்காகும். ட்ரைபான் நீலம் போட்டு ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணுங்கள், அல்லது கிரிஸ்டல் வயலட் போடுங்கள்.

மருந்து இலக்கில் பட்டதா என்பதற்கு, குறிப்பிட்ட புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை. மைட்டோகாண்ட்ரியா செய்யும் எம்டி-சிஓ1 புரதத்தையும் உட்கருவிலிருந்து வரும் எஸ்டிஎச்ஏவையும் ஒன்றாகப் பாருங்கள். எஸ்டிஎச்ஏ இரண்டாவது கூட்டமைப்பைச் சேர்ந்தது; முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். முதலாவது குறைந்து இரண்டாவது நிலையாக இருந்தால் தடை மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமில் என்று அர்த்தம். இரண்டும் குறைந்தால் செல் பொதுவாகவே நலிகிறது. மாதிரியை வழக்கம்போல 95 டிகிரியில் கொதிக்க வைத்தால் எம்டி-சிஓ1 திரண்டு ஜெல்லுக்குள் இறங்காது, பட்டையே காணாமல் போகும். 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள்.

தண்டுச் செல் கோளம் எண்ணுவதென்றால் 25ஆம் எண் ஊசியில் ஏற்றி இறக்கித் தனிச்செல்லாகப் பிரித்து, ஒட்டாத தட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 500 செல் வீதம் விதைத்து, ஐந்து நாள் அசைக்காமல் வைத்து, 50 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ண வேண்டும். விதைப்பு அடர்ந்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட குவியலைக் கோளமென்று எண்ணிவிடுவோம். செல் நகர வழிசெய்யும் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ் என்ற நொதிகளையும் டாக்சிசைக்ளின் தடுக்கும். செல் நகர்வு குறைந்ததைப் பார்த்துவிட்டு உடனே மைட்டோகாண்ட்ரியாவைக் காரணம் காட்ட முடியாது.

மணவாளக்குறிச்சி மணலின் கதிர்வீச்சு மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்திருக்குமே, இந்த மருந்து நம் பகுதிக்குக் கூடுதலாகப் பொருந்துமா என்றும் கேட்கிறார்கள். மோனசைட் மணல் உள்ள கேரளக் கடற்கரையில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மாற்றங்கள் கூடுதல் என்று 2002இல் ஓர் ஆய்வு வந்தது. அதே மணல் உள்ள கருநாகப்பள்ளியில் 69,958 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று 2009இல் சொன்னது. இரண்டுமே டாக்சிசைக்ளின் யாருக்குப் பலிக்கும் என்பதைப் பற்றிப் பேசவில்லை.

நோயாளியின் வீட்டார் கவனிக்க வேண்டியவை இனி. டாக்சோரூபிசின் வேறு, டாக்சிசைக்ளின் வேறு. முன்னது கீமோ மருந்து. அதுவும் மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்ததால் ஆன்டிபயாட்டிக் வகையில் சேர்க்கிறார்கள். பெயர் ஒத்திருப்பதால் சீட்டில் ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிடும் ஆபத்து உண்டு. புற்றுநோய்ப் பிரிவில் டாக்டரே டாக்சிசைக்ளின் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் செட்டுக்சிமாப், எர்லோட்டினிப் போன்ற மருந்துகளால் முகத்தில் வரும் பருவைத் தடுக்க. நிறுத்த வேண்டாம்.

தானாக வாங்கிப் போடுவதில் என்ன தவறு நேரும்? கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, 100.4இல் ஒரு மணி நேரம் நின்றாலோ அவசரம்; வெள்ளணு குறைந்திருக்கும்போது சில மணி நேரத்தில் உயிர் போகலாம். வீட்டில் ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருந்தால் ரத்தக் கல்ச்சரில் கிருமி வளராமல் போகும், எந்த மருந்து என்று டாக்டர் இருட்டில் தேட வேண்டியிருக்கும். எலும்புக்காகக் கால்சியம், ரத்தசோகைக்கு இரும்பு, வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் எடுப்பவருக்கு டாக்சிசைக்ளின் அவற்றோடு பிணைந்து உள்ளே ஏறாது. இரண்டு மூன்று மணி இடைவெளி வேண்டும். தொண்டையிலோ மார்பிலோ கதிர்வீச்சு எடுத்தவருக்கு காப்ஸ்யூல் உணவுக்குழலில் ஒட்டி ஆழமான புண் வரலாம். நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கி, அரைமணி படுக்கக் கூடாது. வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினின் வீரியம் கூடும், மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்து ரத்தத்தில் தேங்கலாம். ஏபிஎல் ரத்தப்புற்றுக்கு ட்ரெட்டினாயின் எடுப்பவருக்கு மூளை அழுத்தம் உயரலாம். அசித்ரோமைசினை வாந்திக்கான ஆண்டன்செட்ரான், ரத்தப்புற்று மருந்தான ஆர்செனிக் ட்ரையாக்சைடு ஆகியவற்றோடு சேர்த்தால் இதயத் துடிப்பு பிறழ வாய்ப்புண்டு. நோயெதிர்ப்பைத் தூண்டும் இம்யூனோதெரபி தொடங்கும் நாள்களை ஒட்டி ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குடல் நுண்ணுயிர்கள் மாறுவது காரணமாகக் கருதப்படுகிறது.

அதற்காக எலிக்காய்ச்சலோ ஸ்க்ரப் டைஃபஸோ வந்தால் டாக்சிசைக்ளினுக்குப் பயப்பட வேண்டாம். அங்கே அது உயிர் காக்கும் மருந்து. திருவனந்தபுரத்தில் கீமோ எடுத்துவிட்டு ஊர் திரும்பி வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால், வயலில் இறங்கியதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இந்த யோசனைக்கு எதிர்காலம் இருந்தால் அது கூட்டு மருந்தில் இருக்கும் என்பது என் கணிப்பு. தனியாக மூச்சுச் சங்கிலியை மட்டும் பலமாக அடித்த ஐஏசிஎஸ்-010759 என்ற மருந்து, லாக்டேட் உயர்வும் நரம்புப் பாதிப்பும் தந்ததால் மனிதச் சோதனையின் முதல்கட்டத்தோடு நின்றது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் செல்லின் சாவைத் தடுத்துநிற்கும் பிசிஎல்-2 புரதத்தை அடிக்கும் வெனிட்டோகிளாக்ஸோ வென்றிருக்கிறது. அசாசிடிடின் என்ற மிதமான கீமோ மருந்தோடு சேர்த்தபோது, தீவிரக் கீமோ தாங்க முடியாத ஏஎம்எல் நோயாளிகளின் நடு ஆயுள் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமானதை 2020இல் கண்டோம். அந்த வெனிட்டோகிளாக்ஸுக்கு அடங்காத செல்களை, மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமைத் தடுக்கும் டெடிசோலிட், டாக்சிசைக்ளின் ஆகியவை மறுபடி அடங்கச் செய்வதாக ஷிம்மர் குழு உட்படச் சிலர் 2019இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். இந்த வழிதான் தொடர்ந்து பார்க்கத்தக்கது. இங்கும் வீட்டில் சேர்த்துப்பார்க்க இடமில்லை: கிளாரித்ரோமைசின் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக் வெனிட்டோகிளாக்ஸின் அளவை ரத்தத்தில் பலமடங்கு ஏற்றிவிடும்.

இத்தகைய ஆய்வில் சேர விரும்பினால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இணையதளத்தில் மருந்தின் பெயரையும் புற்றின் பெயரையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடலாம், பதிவெண் கிடைக்கும். அந்த எண்ணோடு உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் போங்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை மருந்து, ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்களா, கட்டித் துண்டிலோ ரத்தச் செல்லிலோ மைட்டோகாண்ட்ரியா புரதத்தை மருந்துக்கு முன்னும் பின்னும் அளப்பார்களா என்று கேளுங்கள். இந்த மூன்றும் இல்லாத ஆய்வு, 2016இன் டைகிசைக்ளின் ஆய்வு விட்ட கேள்வியைத் தாண்டாது. ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. சம்மதப் படிவத்தைத் தமிழில் வாங்கி வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டு, அதன் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.